ஷேக்ஸ்பியர் படிக்க, நடிக்க இங்கிலாந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனில் ஓராண்டு செவ்வியல் நடிப்பு படித்துவிட்டு ஊர் திரும்பிய நாளிலிருந்து சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் என்று பல ஊர்களிலிருந்தும் எனக்குக் கேள்விகள் வருகின்றன. ஆட்கள்தான் வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. விசாவும் கட்டணமும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தையும் பள்ளியின் இணையதளத்தையும் பார்த்துவிட்டே பணத்தைக் கட்டுங்கள்.

அக்கா, ஷேக்ஸ்பியர் படிப்பு என்றால் புத்தகம் படிப்பதா, நடிப்பதா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் கட்டுரை எழுதுவீர்கள்: எந்த நாடகம் எப்போது அச்சானது, எந்தப் பதிப்பில் எந்த வரி வேறுபடுகிறது, யார் யார் எப்படி மேடையேற்றினார்கள் என்று. நடிப்புப் பள்ளியில் சேர்ந்தால் காலை ஒன்பது மணிக்கு வெறுங்காலோடு தரையில் மல்லாந்து படுத்து மூச்சு விடுவீர்கள். ஷேக்ஸ்பியரின் வரி வாய்க்கு வரவே சில வாரங்கள் ஆகும்.

நடுவிலும் ஒரு வகை உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியும் குளோப் நாடக அரங்கமும் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு அப்படிப்பட்டது. அரங்கில் வேலை செய்கிறவர்களிடமே நாடகத்தைப் பற்றிக் கற்கலாம். ஆனால் அதுவும் ஆய்வுப் படிப்புதான். நடிகராக வேண்டும் என்று நினைத்து அதில் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

எந்தெந்தப் பள்ளிகள்? பெயரைச் சொல்லுங்கள், மற்றதை நானே தேடிக்கொள்கிறேன்.

நடிப்புக்கு என்றால் லண்டனில் ராடா (ராயல் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்), லாம்டா (லண்டன் அகாடமி ஆஃப் மியூசிக் அண்ட் டிராமாட்டிக் ஆர்ட்), கில்ட்ஹால், சென்ட்ரல் ஆகிய நான்கும், வெளியே பிரிஸ்டல் ஓல்ட் விக் பள்ளியும் பழம்பெரும் பெயர்கள். லாம்டாவின் வேர் 1861 வரை போகிறது. கில்ட்ஹால் 1880, ராடா 1904, சென்ட்ரல் 1906. பிரிஸ்டல் பள்ளி 1946இல் தொடங்கியது. இளங்கலை நடிப்பு மூன்றாண்டு. ஏற்கெனவே பட்டமோ மேடை அனுபவமோ இருப்பவர்களுக்கு ஓராண்டு முதுகலை உண்டு. செவ்வியல் நடிப்புக்கென்றே லாம்டாவில் ஒரு முதுகலை இருக்கிறது.

ஆய்வுக்கு என்றால் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் ஷேக்ஸ்பியர் இன்ஸ்டிட்யூட்டை முதலில் பாருங்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, 1951இல் தொடங்கியது. ஷேக்ஸ்பியர் புதைக்கப்பட்ட தேவாலயத்துக்கு நடந்தே போய்விடலாம். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவின் அரங்குகளும் அதே ஊரில்தான்.

நான் இன்ஜினியரிங் படித்தவன், வயது 29. என்னைச் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். நடிப்பு முதுகலைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கினீர்கள் என்பது பெரிய விஷயமே இல்லை, வயதும் தடையில்லை. என் வகுப்பில் ஒரு வழக்கறிஞரும் ஒரு பல் மருத்துவரும் இருந்தார்கள். கதவைத் திறப்பதும் மூடுவதும் ஆடிஷன், அதாவது நடித்துக் காட்டும் தேர்வுதான். ராடாவின் மூன்றாண்டுப் படிப்பில் ஆண்டுக்கு 28 பேர் அளவில்தான் இடம், விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். ஆகவே ஒரே பள்ளியை நம்பி உட்காராதீர்கள்.

ஆடிஷனில் என்ன செய்யச் சொல்வார்கள்?

வழக்கமாக ஷேக்ஸ்பியர் வாழ்ந்த முதலாம் எலிசபெத் காலத்தையோ அதை ஒட்டிய காலத்தையோ சேர்ந்த ஒரு தனிமொழி, இந்தக் காலத்து நாடகம் ஒன்றிலிருந்து ஒரு தனிமொழி, சில பள்ளிகளில் ஒரு பாட்டும். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே காணொளி எடுத்து அனுப்பலாம். பின்னால் வரும் சுற்றுகளில் பல மணி நேரம் உடனிருந்து, சொன்னதை மாற்றிச் செய்யச் சொல்வார்கள். நீங்கள் எவ்வளவு நன்றாகத் தயாரித்து வந்தீர்கள் என்பதைவிட, ஒரு குறிப்பைக் கொடுத்தால் அதை வாங்கிக்கொள்கிறீர்களா என்றுதான் அங்கே பார்க்கிறார்கள்.

என் முதல் ஆடிஷனில் லேடி மேக்பெத்தின் வசனத்தைத் தொண்டை கிழியச் சொன்னேன். கல்லூரி விழாவில் அதே வசனத்துக்குக் கைதட்டல் கிடைத்திருந்தது. முடித்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார், "யாரிடம் பேசினீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் பேசியது சுவரிடம். அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

அப்படியானால் எந்த வசனத்தைத் தேர்ந்தெடுப்பது? ஹாம்லெட்டின் 'டு பீ ஆர் நாட் டு பீ' சொல்லலாமா?

தடை ஒன்றும் இல்லை. ஆனால் தேர்வாளர்கள் அதை எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எதிரே நிற்கும் ஒருவரிடமிருந்து இந்த நிமிடமே ஏதோ ஒன்று வேண்டும் என்று பேசுகிற பாத்திரமாக எடுங்கள். முன் பதிலில் சொன்ன அம்மையாரின் கேள்விக்கு அப்போது பதில் தானாகவே இருக்கும்.

'கிங் ஜான்' நாடகத்தில் கான்ஸ்டன்ஸ் என்றொரு தாய் வருகிறாள். மகன் எதிரியின் கையில் சிக்கிவிட்டான். அழுகை போதும் என்கிறவர்களிடம், இல்லாத என் பிள்ளையின் இடத்தைத் துக்கம் நிரப்பிக்கொண்டிருக்கிறது, அவன் கட்டிலில் அது படுக்கிறது, என்னோடு அங்குமிங்கும் நடக்கிறது என்கிறாள். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. வசனம் எதுவானாலும் முதலில் அதை முழுக்க உங்கள் தமிழில், உங்கள் வீட்டுப் பேச்சில் எழுதுங்கள். எழுத முடியாத வரிதான் உங்களுக்குப் புரியாத வரி.

நான் பெண். ஆண் பாத்திரத்தின் வசனத்தைச் சொன்னால் மதிப்பெண் குறையுமா?

குறையாது. மிஷெல் டெரி 2018இல் குளோபில் ஹாம்லெட்டாக நடித்தார். கிளெண்டா ஜாக்சன் 2016இல், எண்பது வயதில், லண்டன் ஓல்ட் விக் அரங்கில் லியர் மன்னராக நின்றார். ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேடங்களை எல்லாம் பையன்கள்தான் போட்டார்கள், கணக்கு இப்போது ஒருவாறு நேராகிறது. சில பள்ளிகள் மட்டும் உங்கள் வயதுக்கு அருகில் இருக்கும் பாத்திரமாக எடுக்கச் சொல்லும், விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்கிறார்கள். பத்து தடவை படித்தும் புரியவில்லை.

'நிலா' என்று சொல்லுங்கள். குறில், அடுத்து நெடில். நம் யாப்பில் இது ஒரு நிரையசை. இப்போது அதையே ஐந்து முறை சொல்லுங்கள்: நிலா நிலா நிலா நிலா நிலா. ஷேக்ஸ்பியர் வரியின் தாளம் அவ்வளவுதான். ஆங்கிலக் கணக்கில் 'நி' ஓர் அசை, 'லா' ஓர் அசை, ஆக வரிக்குப் பத்து அசை. ரோமியோ சொல்லும் 'பட் சாஃப்ட், வாட் லைட் த்ரூ யாண்டர் விண்டோ ப்ரேக்ஸ்' என்ற வரியை இந்தத் தாளத்தின் மேல் வைத்துப் பாருங்கள், அப்படியே உட்காரும். ஒரே ஒரு எச்சரிக்கை: தமிழில் கணக்கு நீளத்தில், ஆங்கிலத்தில் அழுத்தத்தில். நாம் ஆங்கிலம் பேசும்போது எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறோம். அதனால் தாளம் தட்டையாகிறது. 'நி'யை விட்டுக்கொடுத்து 'லா'வில் கால் ஊன்றப் பழகுவதே முதல் மாதப் பாடம்.

தாளம் தெரிந்த பிறகுதான் அது உடையும் இடம் காதில் விழும். 'டு பீ ஆர் நாட் டு பீ, தட் இஸ் த குவெஸ்சன்' என்ற வரியில் பத்தல்ல, பதினோரு அசைகள் இருக்கின்றன. கடைசி அசை முடியாமல் தொங்குகிறது, ஹாம்லெட்டும் அப்படித்தான். இன்னும் கொடுமையான இடம் லியர் நாடகத்தின் முடிவில் வருகிறது. இறந்த மகளைக் கையில் வைத்துக்கொண்டு, இனி நீ வரவே மாட்டாய் என்கிறார் மன்னர். அடுத்த வரி முழுவதும் ஒரே சொல்: நெவர், நெவர், நெவர், நெவர், நெவர். அழுத்தம் முன்னால், தளர்வு பின்னால். நிலா நிலா என்று போன தாளம் காடு காடு என்று புரண்டுவிட்டது. நடிகர் அங்கே அழுகையைத் தேடிப்போக வேண்டியதே இல்லை, வரியே தலைகீழாக விழுகிறது.

வகுப்பில் உண்மையில் என்னதான் செய்வார்கள்? நாள் முழுவதும் வசனமா?

குரல், உடலசைவு, பாட்டு, நடனம், வாள்சண்டை, செய்யுள் என்று நாள் போகும். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மாலை ஆறு வரை, ஒத்திகைக் காலத்தில் அதற்கும் மேல். முதல் சில வாரங்களில் உடம்பு வலியில் மாடிப்படி ஏறவே யோசிப்பீர்கள்.

ஒரு பயிற்சியை மட்டும் சொல்கிறேன். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் பல பத்தாண்டுகள் குரல் பயிற்சி கொடுத்த சிசிலி பெரியின் வழியில் வந்தது, இங்கிலாந்தில் அநேகமாக எல்லாப் பள்ளிகளிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. வசனத்தைச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். நிறுத்தற்குறி வரும் இடத்திலெல்லாம் திசை மாற வேண்டும். எனக்குக் கிடைத்தது, மன்னரைக் கொல்வதா வேண்டாமா என்று மேக்பெத் தனியே நின்று யோசிக்கும் பேச்சு. செய்தால் முடிந்துவிடும் என்றால் சீக்கிரம் செய்துவிடுவதே நல்லது என்று தொடங்கும். இரண்டடி வைத்தேன், காற்புள்ளி. திரும்பினேன், மூன்றடி, மறுபடியும் காற்புள்ளி. எதிரே வந்தவன்மேல் மோதினேன். நான்காவது வரிக்குள் தலை சுற்றியது, மூச்சு மேல்மூச்சாயிற்று, எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆசிரியர் சன்னலோரம் சாய்ந்து நின்றுகொண்டு, "அவனுக்கும் தெரியவில்லை" என்றார். பள்ளியில் படித்தபோது அந்தப் பேச்சுக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று பக்கத்தில் இது இல்லை.

'தௌ', 'தீ' எல்லாம் வழக்கொழிந்த ஆங்கிலம். அதைத் தமிழர் நாம் எப்படிப் பிடிப்பது?

ஆங்கிலேயரைவிட நாம் எளிதாகப் பிடித்துவிடலாம். 'யூ' என்பது நீங்கள், 'தௌ' என்பது நீ. இன்றைய ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு செத்துவிட்டது, நம்மிடம் தினமும் வேலை செய்கிறது. கடவுளையும் காதலியையும் நாம் 'நீ' என்கிறோம், அவர்களும் 'தௌ' என்றார்கள். வேலைக்காரரையும் சண்டைக்காரரையும் 'நீ' என்கிறோம், அதுவும் அப்படியே.

லியர் மன்னர் கடைசி மகளை விரட்டும் காட்சியைப் படியுங்கள். கெண்ட் என்ற பிரபு தடுக்கப் பார்க்கிறார். முதலில் அரசே, என் தந்தையைப்போல் நேசித்தவரே என்று அவைமரியாதையோடு தொடங்குகிறார். மன்னர் கேட்கவில்லை. உடனே கெண்ட், "கிழவா, நீ என்ன செய்யப்போகிறாய்?" என்கிறார். பேரவையில், மன்னரைப் பார்த்து, 'தௌ'. என் வகுப்பு இங்கிலாந்துக்காரர்கள் இதை அடிக்குறிப்பில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். எனக்கு வயிற்றில் தெரிந்தது. பெரியப்பாவைப் பார்த்து யாராவது ஒருமையில் பேசியதை ஒரு கல்யாண வீட்டில் நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கும் தெரியும்.

என் தமிழ் உச்சரிப்பை அழித்துவிடுவார்களா? அதை வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியர் பேசினால் சிரிக்க மாட்டார்களா?

முன்பெல்லாம் எல்லோரையும் பி.பி.சி. வாசிப்பாளர்போல் பேசவைத்தார்கள். இப்போது அந்த உச்சரிப்பை ஒரு கருவியாகக் கற்றுத்தருகிறார்கள். வேண்டும்போது எடுக்கலாம், வேண்டாதபோது வைத்துவிடலாம். உங்கள் சொந்தப் பேச்சை யாரும் பிடுங்குவதில்லை. தெளிவு மட்டும் வேண்டும்.

நமக்கு உழைப்பு தேவைப்படும் இடங்கள் சில. 'வி', 'டபிள்யூ' இரண்டுக்கும் நாம் ஒரே 'வ'வைப் போட்டு ஒப்பேற்றுகிறோம். ஒன்றுக்குப் பல் உதட்டைத் தொட வேண்டும், மற்றதற்கு உதடு குவிய வேண்டும். சொல்லின் தொடக்கத்து 'ப', 'க'வில் காற்றைத் தள்ளிவிட வேண்டும். 'டி'யை நாம் நாக்கை மடித்து 'ட' ஆக்கிவிடுகிறோம், ஆங்கிலத்தில் நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஈறைத் தொட்டு நிற்க வேண்டும். இதில் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு: 'காற்று', 'வெற்றி' என்பதை அவர்கள் சொல்லும்போது ற்ற விழும் இடம் ஏறத்தாழ அதுதான். தஞ்சாவூர்க்காரியான நான் ஓர் இலங்கைத் தோழியைக் 'காற்று' என்று சொல்லவைத்து அதைக் கற்றுக்கொண்டேன்.

அதோடு, பி.பி.சி. உச்சரிப்பு ஷேக்ஸ்பியருடையதும் அல்ல. மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் அக்கால ஒலிப்பை மீட்டெடுத்துத் தர, 2004இல் குளோபில் 'ரோமியோ ஜூலியட்' அந்த ஒலிப்பில் நடந்தது. அதில் 'ர்' எங்கே எழுதியிருந்தாலும் ஒலிக்கும், நாம் ஒலிப்பதுபோல. யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுமா? எவ்வளவு எடுக்க வேண்டும்?

ஆம், ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஒன்று பெரும்பாலும் கேட்பார்கள். எவ்வளவு என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆய்வுப் படிப்புக்கு எழுத்தில் கூடுதல் மதிப்பெண் எதிர்பார்ப்பார்கள்.

மொத்தச் செலவு எவ்வளவு? மறைக்காமல் சொல்லுங்கள்.

வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் இந்தப் பள்ளிகளில் ஆண்டுக்குப் பொதுவாக 20,000 பவுண்டுக்கு மேல். அதற்கு மேல் வாழ்க்கைச் செலவு. லண்டனில் படிப்பதாக இருந்தால் மாதம் 1,500 பவுண்டு அளவில், ஒன்பது மாதத்துக்கான தொகை உங்கள் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்ததாகக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே கொஞ்சம் குறைவு. 28 நாளில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

பலர் கணக்கில் மறந்துவிடுவது மருத்துவ வரி. மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. படிப்பு ஓராண்டு என்றாலும் விசா அதைவிடச் சில மாதம் கூடுதலாகத் தருவதால் ஒன்றரை ஆண்டுக்கு, அதாவது 1,164 பவுண்டு கட்ட நேரும். விசாக் கட்டணம், காசநோய்ப் பரிசோதனை, விமான டிக்கெட் எல்லாம் தனி. வாழ்க்கைத் துணையை அழைத்துப்போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து பிஎச்.டி. போன்ற ஆய்வு வகைப் பட்டம் படிப்பவர்களுக்கும் அரசு உதவித்தொகையில் படிப்பவர்களுக்கும்தான் அது முடியும், சொந்தச் செலவில் இந்த முதுகலைப் படிப்புகளுக்குப் போகிறவர்களுக்கு இல்லை.

உதவித்தொகை கிடைக்காதா?

கிடைக்கும், ஆனால் குறைவு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கும். இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். இந்தியக் கலைஞர்களுக்கு சார்ல்ஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது, கலைத்துறையினருக்கு அது நல்ல வழி. பள்ளிகளே கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைப்பதும் உண்டு. கேட்காதவர்களுக்குத் தர மாட்டார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

பகுதி நேர வேலை பார்த்து வாடகையைச் சமாளிக்கலாமா?

சட்டப்படி பட்டப்படிப்பு மாணவர் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். நடிப்புப் பள்ளியின் அட்டவணை அந்த நேரத்தை உங்களுக்கு விட்டுவைக்காது. ஒன்பது முதல் ஆறு என்று மேலே சொன்னேனே, அதற்குப் பிறகு வசனம் மனப்பாடம் செய்ய வேண்டும். சனிக்கிழமை ஒரு கடையில் நிற்கலாம், அவ்வளவுதான். ஆய்வுப் படிப்பில் நேரம் கொஞ்சம் தாராளம். வேலையை நம்பி வாடகைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

படிக்கும்போதே லண்டனில் படப்பிடிப்புக்கு வந்த தமிழ்ப் படத்தில் சின்ன வேடம் கிடைத்தால் நடிக்கலாமா?

இது பொறி. மாணவர் விசாவில் தொழில்முறைக் கலைஞராக வேலை செய்யக் கூடாது, சுயதொழிலும் செய்யக் கூடாது. இங்கிலாந்தில் நடிகர்களைப் பெரும்பாலும் சுயதொழில் முறையில்தான் ஒப்பந்தம் செய்கிறார்கள் என்பதால் இரண்டு தடையும் ஒன்றாக வந்து நிற்கும். நடிப்புப் படிக்கப் போனவர் நடிக்கக் கூடாது என்பது வேடிக்கைதான், ஆனால் விதி அதுதான். ஓட்டலில் தட்டுக் கழுவலாம், ஓட்டல் காட்சியில் தட்டுக் கழுவுபவராக நடிக்க முடியாது.

பாடத்தின் பகுதியாகப் பள்ளி மேடையேற்றும் நாடகங்களுக்கு இது பொருந்தாது, அவற்றுக்கு வெளியார் டிக்கெட் வாங்கி வந்தாலும் சரி. பணம் வாங்காமல் நடிக்கிறேனே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பள்ளியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

அப்படியென்றால் படிப்பு முடிந்த பிறகாவது நடிக்கலாமா?

அதற்குத்தான் கிராஜுவேட் விசா. படிப்பை வெற்றிகரமாக முடித்துவிட்டீர்கள் என்று பள்ளி அரசுக்குத் தெரிவித்ததும், மாணவர் விசா முடிவதற்குள், இங்கிலாந்தில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். அதில் சுயதொழில் செய்யலாம், நடிக்கவும் செய்யலாம். முன் பதிலில் சொன்ன தடை இதில் இல்லை. இளங்கலை, முதுகலைக்காரர்களுக்கு இது இரண்டாண்டாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். அந்தக் காலம் முடிந்த பிறகு நடிப்பை வைத்து மட்டும் தங்குவது மிகக் கடினம்.

அவ்வளவு பணம் இல்லை. கோடையில் நடக்கும் குறுகிய படிப்பு பயன்படுமா?

நன்றாகவே பயன்படும். ராடாவும் லாம்டாவும் கோடையில் சில வாரங்களுக்கு ஷேக்ஸ்பியர் நடிப்பு வகுப்பு நடத்துகின்றன. ஆறு மாதத்துக்குள் என்றால் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பார்வையாளர் விசாவிலேயே படிக்கலாம், ஆனால் எந்த வேலையும் செய்யக் கூடாது. முழுப் படிப்புக்கு வீட்டை அடகு வைப்பதற்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள் என்றே கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நாடகம் பார்க்கவே காசு கரைந்துவிடாதா?

விவரம் தெரிந்தால் கரையாது. குளோபில் முற்றத்தில் நின்று பார்க்க டிக்கெட் 5 பவுண்டிலிருந்து கிடைக்கும். உட்கார முடியாது, கூரை இல்லை, குடை பிடிக்கக் கூடாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். இருந்தாலும் மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்க்கும் அந்த இடத்தை நான் எந்த நாற்காலிக்கும் மாற்ற மாட்டேன். ஒரு நாள் நடிகர் வசனத்தின் நடுவே குனிந்து என்னிடமே கேள்வி கேட்டார். அதுவரை தனிமொழி என்றால் தனக்குத்தானே பேசுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சலுகை டிக்கெட் உண்டு. ரயிலுக்கு மாணவர் தள்ளுபடி அட்டை வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: லண்டனில் நேஷனல் தியேட்டர் ஆவணக் காப்பகத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போனால் பழைய தயாரிப்புகளின் ஒளிப்பதிவுகளை இலவசமாகப் பார்க்கலாம்.

நம் நிறத்துக்கு ஹாம்லெட் வேடம் தருவார்களா, இல்லை கடைசி வரை தூதுவன்தானா?

பள்ளிக்குள் தருவார்கள், தாராளமாகவே. வெளியே நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. கறுப்பினத்தவரான ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1833இலேயே லண்டன் கோவென்ட் கார்டனில் ஒதெல்லோவாக நடித்தார். ஆனால் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் ஒரு கறுப்பின நடிகர் ஹாம்லெட்டாக நிற்க 2016 ஆகிவிட்டது, அவர் பாப்பா எஸ்ஸியெடு. இடைப்பட்ட காலத்தை நீங்களே கழித்துப் பாருங்கள்.

தமிழும் அந்த ஊர் மேடையில் ஒலித்திருக்கிறது. டிம் சப்பிள் இயக்கிய 'கோடை நள்ளிரவுக் கனவு' 2006இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்தது. இந்திய, இலங்கை நடிகர்கள் ஆங்கிலத்தோடு தமிழ், மலையாளம், சிங்களம், இந்தி, வங்காளம் என்று அவரவர் மொழியில் பேசினார்கள். ஆனால் 2012இல் குளோப் 37 நாடகங்களை 37 மொழிகளில் மேடையேற்றியபோது இந்தி, குஜராத்தி, உருது, வங்காளம் எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியதையும், விபுலானந்தர் 1926இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து 'மதங்க சூளாமணி' எழுதியதையும் நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

அப்பா கேட்கிறார்: "இத்தனை லட்சம் போட்டு நாடகம் கற்றுக்கொண்டு வந்து இங்கே என்ன செய்வாய்?"

அப்பா கேட்பது நியாயமான கேள்வி. மாதச் சம்பளம் என்ற அர்த்தத்தில் உத்தரவாதம் எதுவும் இல்லை என்று அவரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள், பின்னால் அவராகத் தெரிந்துகொள்வதைவிட அது மேல். ஊர் திரும்பிய பிறகு என் வருமானத்தில் பெரும்பகுதி நடிப்பிலிருந்து வருவதில்லை. குரல் பயிற்சி, பள்ளிகளில் நாடகப் பட்டறை, பின்னணிக் குரல் ஆகியவற்றிலிருந்து வருகிறது.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் இப்ராகிம் அல்காசி. ராடாவில் படித்துவிட்டுத் திரும்பி, 1962 முதல் 1977 வரை டெல்லி தேசிய நாடகப் பள்ளியை நடத்தினார். ஆனால் இந்த உதாரணத்தை அப்பாவிடம் சொல்வதில் பயனில்லை, "நீ அல்காசியா?" என்பார். என் அப்பா அப்படித்தான் கேட்டார்.

கடைசியாக ஒன்று. நிறுத்தற்குறி வரும்போதெல்லாம் திரும்பி நடக்கும் பயிற்சியைச் சொன்னீர்கள். அந்தக் குறிகளை ஷேக்ஸ்பியர் போடவே இல்லையாமே? அப்புறம் அந்தப் பயிற்சிக்கு என்ன அர்த்தம்?

சரியான கேள்வி, இதை நானும் வகுப்பில் கேட்டேன். மேக்பெத் நாடகம் முதலில் அச்சானது 1623இல் வந்த முதல் ஃபோலியோ என்ற நாடகத் தொகுப்பில், அதாவது அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து. எழுத்துக் கோத்தவர்களும் படியெடுத்தவர்களும் போட்ட குறிகள் அதில் எவ்வளவோ. அவருடைய கையெழுத்து என்று பலர் கருதும் மூன்று பக்கங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, அவற்றில் நிறுத்தற்குறிகள் மிகக் குறைவு. இன்றைய பதிப்புகளில் இருப்பவையோ இன்றைய பதிப்பாசிரியர்களுடையவை.

அதனால் நான் பயிற்சியை விட்டுவிடவில்லை, இரண்டு பதிப்புகளை வைத்துக்கொண்டு செய்தேன். மேக்பெத்தின் அந்தப் பேச்சில் முதல் வரி 'நல்லது' என்ற பொருள் தரும் சொல்லோடு முடிகிறது. ஃபோலியோவில் அதன்பின் ஒரு காற்புள்ளி இருக்கிறது. என் கையிலிருந்த இன்றைய பதிப்பில் இல்லை. இன்றைய பதிப்பில் நடந்தபோது வரி முடிவைத் தாண்டி நேரே கதவை நோக்கிப் போனேன், மன்னரின் அறைக்கே போகிறவள்போல. ஃபோலியோவில் நடந்தபோது 'நல்லது' என்றதுமே கால் திரும்பிவிட்டது. இரண்டையும் ஆசிரியரிடம் நடந்து காட்டினேன். எது சரி என்று அவர் சொல்லவில்லை, "நாளைக்கு எப்படி நடப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.